கடற்கரை விடுதியும் மறுமையின் கணக்கும்

 

 

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்தபின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என் அறைக்கு வந்தார். வளைகுடா நாட்டில் பணியாற்றி, இரண்டு மாத விடுப்பில் வந்திருப்பவர். கையில் வண்ணப் படங்கள் நிறைந்த சிறு புத்தகம் ஒன்று. “ஹஜ்ரத், பத்து வருடமாக வாப்பாவையும் உம்மாவையும் எங்குமே அழைத்துச் சென்றதில்லை. இந்த முறை மனைவி மக்களோடு அவர்களையும் மாலத்தீவுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். இந்த விடுதியில் அறை, மூன்று வேளை உணவு, குடிபானம், படகு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். இதில் மார்க்க ரீதியாக ஏதும் தடை இருக்கிறதா?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். “இதெல்லாம் நமக்கு எதற்கு தம்பி, அந்தப் பணத்தில் ஓர் ஏழைக் குமருக்கு உதவலாமே” என்று சொல்லி அனுப்பிவிடத்தான் முதலில் என் நா எழுந்தது. பிறகு நிதானித்தேன். திருமணத்திற்கும் தொழுகைக்கும் மட்டுமே மார்க்கம் கேட்டு வருபவர்களின் மத்தியில், ஒரு மனிதர் தம் விடுமுறைக்கும் மார்க்கம் கேட்டு வந்திருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்புவது முறையன்று. “இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள் தம்பி” என்றேன்.

அப்போது ஹவ்ழின் ஓரத்தில் அமர்ந்திருந்த மற்றொரு சகோதரர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவர் என்னிடம் வந்தார். மூன்று ஆண்டுகள் மாலத்தீவின் விடுதி ஒன்றில் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவியவர் அவர். “ஹஜ்ரத், அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருப்பது நான் வேலை பார்த்த விடுதிதான். என் கடைசி நான்கு மாதச் சம்பளம் இன்னும் அங்கேதான் நிற்கிறது” என்றார்.

சகோதரர்களே! ஒரே பள்ளிவாசலின் ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவர். ஒருவர் விருந்தினராகச் செல்ல விரும்பும் இடத்தில்தான் மற்றவரின் உழைப்பு ஊதியமின்றிக் கிடக்கிறது. இந்த இருவரையும் முன்வைத்தே இன்றைய உரையை அமைத்துக்கொள்கிறேன்.

பயணம் தடுக்கப்பட்டதன்று

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆனின் அல்அன்கபூத் அத்தியாயம் மனிதனுக்கு அறிவுறுத்துகிறது. குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் ஓர் அத்தியாயமே அருட்கொடையாக நினைவூட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தின் நடுவே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி மகிழ்ந்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகவே, குடும்பத்தாரை மகிழ்விக்கப் பயணம் செல்வது குற்றமன்று. நல்ல நிய்யத்துடன் செய்தால் அது நன்மையே.

ஆனால் மறுமையில் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, செல்வத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகளைச் சொன்னார்கள் என்பதைத் திர்மிதியில் காண்கிறோம். எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பன அவை. நாம் முதற் கேள்விக்கு ஓரளவு அஞ்சுகிறோம். வட்டி கலந்துவிடுமோ, ஹராம் சேர்ந்துவிடுமோ என்று கவலைப்படுகிறோம். இரண்டாம் கேள்வியை மறந்துவிடுகிறோம். ஹலாலாக ஈட்டிய பணம் என் பணம், அதை எப்படியும் செலவழிப்பேன் என்று எண்ணுகிறோம். விடுமுறைக்காகச் செலவிடும் பணமும் அந்த இரண்டாம் கேள்விக்குள் அடங்கியதே.

நாம் செல்லும் நாட்டை அறிவோம்

மாலத்தீவு நமக்கு அந்நிய நாடன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 1153இல் இஸ்லாத்தை ஏற்ற நாடு அது. உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் கி.பி. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காழியாகப் பணியாற்றியிருக்கிறார்கள். தலைநகர் மாலேயில் 1658இல் பவளக் கல்லால் கட்டப்பட்ட ஜும்ஆப் பள்ளி இன்றும் நிற்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காய்கறிகளும் கட்டுமானப் பொருட்களும் தோணிகளில் ஏறி அங்கே செல்வதை நம்மில் பலர் அறிவோம்.

அந்நாட்டின் ஏறத்தாழ 1,200 தீவுகளில் 200க்கும் குறைவானவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். நிலமட்டம் கடலிலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே. 1972ஆம் ஆண்டு ‘குரும்பா’ என்னும் பெயரில் முதற் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். நம் தமிழில் குரும்பை என்று சொல்கிறோமே, அதன் உறவுச் சொல்தான். அன்று தொடங்கிய தொழில் இன்று அந்நாட்டின் முதுகெலும்பாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்துச் சொச்சம் மக்களே வாழும் அந்நாட்டிற்கு, 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 இலட்சத்திற்கும் அதிகமான பயணிகள் வந்திருக்கிறார்கள்.

இத்தொழிலால் அம்மக்கள் அடைந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபையின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து 2011இல் மாலத்தீவு விடுபட்டதற்குச் சுற்றுலா வருமானம் பெருங்காரணம். எனவே சுற்றுலாவே தீமை என்று சொல்வது நீதியாகாது. எத்தகைய சுற்றுலா என்பதே கேள்வி.

எல்லாம் அடங்கிய கட்டணம்

பெரும்பாலான மாலத்தீவு விடுதிகள் ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறையில் அமைந்தவை. தீவு முழுவதும் ஒரே நிறுவனத்தின் குத்தகையில் இருக்கும். அங்கே ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை. எல்லாம் அடங்கிய கட்டணத்தைச் செலுத்தி அங்கே இறங்குபவர், வாயிலுக்கு வெளியே ஒரு ரூபாய் செலவிட வேண்டியதில்லை. செலவிட நினைத்தாலும் வாய்ப்பில்லை. மீனைத் தவிர உணவுப் பொருட்களில் பெரும்பாலானவை வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. நிறுவனம் வெளிநாட்டுடையதாக இருந்தால் இலாபமும் வெளியே செல்கிறது. அரசுக்குக் குத்தகைப் பணமும் வரியும் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் பக்கத்துத் தீவில் வலை பின்னும் மீனவருக்கும், சிறுகடை வைத்திருக்கும் விதவைப் பெண்ணுக்கும் அந்த விருந்தினரின் வரவால் நேரடியாக என்ன கிடைக்கும்?

அடுத்து, மதுவின் பிரச்சினை. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு அனுமதியில்லை. விடுதித் தீவுகளில் வெளிநாட்டவருக்கு உண்டு. எல்லாம் அடங்கிய கட்டணத்தில் குடிபானம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மதுவையும் சேர்த்தே. நம் சகோதரர் “நான் குடிக்கப் போவதில்லையே ஹஜ்ரத்” என்றார். உண்மைதான். ஆனால் குடிக்காதவர் செலுத்தும் கட்டணத்திலும் அதன் விலை ஏற்றப்பட்டிருக்கிறது. மதுவின் விஷயத்தில் அருந்துபவனை மட்டுமின்றி விற்பவன், வாங்குபவன், சுமப்பவன் எனப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் மூமின் அமர வேண்டாம் என்றும் எச்சரித்துள்ளார்கள்.

இங்கே சமநிலை தவறக் கூடாது. மதுவும் விற்கும் ஒருவரிடம் ஹலாலான பொருளை வாங்குவதே ஹராம் என்று நான் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதர் ஒருவரிடம் தம் கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலின் வாசல் விசாலமானது. ஆனால் மதுவையும் உள்ளடக்கிய தொகுப்பைத் தெரிந்தே விலை பேசி வாங்குவது வேறு, அறைக்கும் உணவுக்கும் மட்டும் பணம் கொடுப்பது வேறு. உணவு மட்டும் சேர்ந்த கட்டண முறையும் பல விடுதிகளில் உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்பதற்குத்தான் நமக்கு வெட்கம்.

தட்டில் எஞ்சியது

தட்டுக் கழுவிய சகோதரர் சொன்ன ஒரு செய்தி என் உறக்கத்தைக் கெடுத்தது. “ஹஜ்ரத், காசு முன்கூட்டியே கட்டிவிட்டதால், எடுத்ததற்கெல்லாம் கணக்கில்லை என்று மலை போல் எடுத்து வைப்பார்கள். ஒரு கடி கடித்த இறைச்சியும், தொடாத ரொட்டியும் அப்படியே என் கைக்கு வரும். நான்தான் அதைத் தொட்டியில் கொட்ட வேண்டும். அதை எடுத்துச் சாப்பிட எங்களுக்கு அனுமதியில்லை. என் பிள்ளைகள் இங்கே ரேஷன் அரிசியில் வாழும்போது, என் கையால் அத்தனையையும் கொட்டினேனே, அதன் பாவம் என் மீது வருமா?” என்று கேட்டார்.

சகோதரர்களே! எடுத்தவன் கேட்காத கேள்வியைக் கழுவியவன் கேட்கிறான். கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூட எடுத்துத் துடைத்து உண்ணுமாறும், உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்றும் கற்றுத் தந்தது நம் மார்க்கம். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் வீண் விரயம் செய்பவரைத் தான் நேசிப்பதில்லை என்கிறான். முன்பணம் கட்டிவிட்டோம் என்பதால் இஸ்ராஃப் ஹலாலாகிவிடாது. பணம் நம்முடையதாக இருக்கலாம், ரிஸ்க் அல்லாஹ்வுடையது.

அச்சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான். “கையால் தடுக்க இயலாத தீமையை உள்ளத்தால் வெறுத்தீர்கள். விரயத்தின் சுமை விரயம் செய்தவர் மீதும், உணவு வீணாகும் வகையில் ஏற்பாடு செய்தவர் மீதும் உள்ளது. உங்கள் வேதனையை அல்லாஹ் அறிவான்.” அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீரும் குப்பையும் பவளமும்

ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் நீரை விரயம் செய்யாதே என்ற நபிமொழியை இப்னுமாஜாவில் காண்கிறோம். மாலத்தீவில் ஆறே இல்லை. குடிநீரில் பெரும்பகுதி, கடல்நீரை எண்ணெய் எரித்த மின்சாரத்தால் நன்னீராக்கிப் பெறப்படுவது. 2014 டிசம்பரில் மாலேயின் நன்னீர் ஆலையில் தீப்பிடித்தபோது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் குடிநீரின்றித் தவித்தார்கள். நம் நாட்டிலிருந்து விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் கொண்டுசெல்லப்பட்டது. அத்தகைய நாட்டில் ஒருவர் நாளுக்கு மூன்று முறை குளித்து, ஒரே முறை பயன்படுத்திய துண்டைத் துவைக்கப் போடுவது எவ்வளவு பெரிய அலட்சியம்!

குப்பையின் நிலையும் அவ்வாறே. மாலேயின் அருகே திலஃபுஷி என்று ஒரு தீவு இருக்கிறது. அது 1992 முதல் குப்பையைக் கொட்டி, கடற்காயலை நிரப்பி உருவாக்கப்பட்டது. பயணியின் கண்ணில் அது படுவதில்லை. நாம் வீசிய நெகிழிப் புட்டிதான் அங்கே போய்ச் சேர்கிறது. தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதக் கரங்கள் செய்தவற்றால்தான் என்று அர்ரூம் அத்தியாயம் உணர்த்துகிறது. கடலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதைக் கவனியுங்கள்.

அந்தத் தீவுகள் பவளப் பாறைகளின் மேல் நிற்பவை. பவளம் கல்லன்று, உயிர். பல வகைகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. 1998இலும் 2016இலும் கடல்நீர் வெப்பமானதால் அவை பெருமளவில் வெளுத்து மடிந்தன. எஞ்சியதன் மீது, படம் எடுப்பதற்காக ஒரு நிமிடம் ஏறி நிற்பவர் பல ஆண்டு வளர்ச்சியை மிதித்து உடைக்கிறார். பள்ளிவாசலின் மிஹ்ராபில் காலணியுடன் ஏற நமக்கு மனம் வராது. அல்லாஹ் வளர்த்த படைப்பின் மீது ஏற மட்டும் எப்படி மனம் வருகிறது?

வியர்வையின் விலை

விடுதிகளில் உழைப்பவர்களில் மாலத்தீவு மக்களோடு இந்தியா, வங்காளதேசம், இலங்கை போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்களும் மிகுதி. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியுள்ளதைப் புகாரீயில் ஓதுகிறோம். அந்த வழக்கில் எதிர்வாதியாக நிற்பவர் முதலாளி. ஆனால் தெரிந்தே அவருக்குப் பணம் கட்டி விருந்துண்டவர் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடியுமா?

உணவு கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்துங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், சமைத்த வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்ற பொருளில் நபிமொழி இருக்கிறது. விடுதியில் அவரை உடன் அமர்த்த விதிகள் இடம் தராமல் இருக்கலாம். ஆனால் பெயர் கேட்டு ஸலாம் சொல்ல எந்த விதி தடுக்கிறது? மாலத்தீவின் விடுதிகளில் பணியாளர்களுக்கெனப் பள்ளிவாசல் இருக்கும். அது எங்கே என்று கேட்டுச் சென்று, அவர்களோடு தோளோடு தோள் சேர்த்துத் தொழுங்கள். பகலில் நம் தட்டை எடுத்தவர் மஃரிபில் நம் பக்கத்தில் நிற்பார். இமாமாகவே நிற்கவும் கூடும்.

தொழுகையைப் பற்றி மேலும் ஒன்று. சில விடுதிகள் சூரிய வெளிச்சத்தை நீட்டிக் காட்ட, மாலேயின் நேரத்தைவிடத் தம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்கின்றன. வக்தைக் கணக்கிடும்போது இதைக் கவனிக்க வேண்டும். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் செய்தவர் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு செய்ய இயலாது. ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை 15 நாட்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு நாட்களுக்குப் பின் அந்த இளைஞர் வந்தார். நான் அவரிடம் சொன்னவற்றை உங்களுக்கும் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒன்று, கடன் வாங்கி, அதிலும் வட்டிக்கு வாங்கிச் செல்லாதீர்கள். கொடுக்க வேண்டிய கடனும் ஸகாத்தும் நிலுவையில் இருக்க, கடற்கரையில் படுத்திருப்பது பொருத்தமன்று.

இரண்டு, 2009ஆம் ஆண்டிற்குப் பின் மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் திறக்க வழி ஏற்பட்டது. மாஃபுஷி போன்ற தீவுகளில் இவை நிறைய உண்டு. அங்கே மது இல்லை. ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும். பல இல்லங்களை அவ்வூர்க் குடும்பங்களே நடத்துகின்றன. தேநீர்க் கடைக்கும் படகுக்காரருக்கும் நம் பணம் நேரே போய்ச் சேரும். பெரிய விடுதிகளைவிடச் செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அவ்வில்லங்களிலும் தண்ணீரும் குப்பையும் பிரச்சினைதான் என்பதால், ஒழுக்கம் அங்கேயும் தேவை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஒதுக்கிய கடற்கரைப் பகுதியும் அத்தீவுகளில் உண்டு. பார்வையைத் தாழ்த்தும் கடமை எங்கும் நம்மோடு வரும். வெள்ளிக்கிழமைகளில் அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, பெரிய விடுதியில்தான் தங்குவது என்றால், மது சேராத கட்டணத்தைக் கேளுங்கள். குப்பையை என்ன செய்கிறீர்கள், பணியாளருக்கு மாதந்தோறும் ஊதியம் தவறாமல் சேர்கிறதா, சேவைக் கட்டணம் என்று வாங்கும் பத்து விழுக்காடு அவர்களுக்குப் போகிறதா என்று எழுதிக் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் நூற்று ஒன்றாவது ஆளுக்குப் பதில் சொல்ல அவர்கள் ஆயத்தமாக இருப்பார்கள்.

நான்கு, ஒவ்வொரு பயணியிடமும் அங்கே பசுமை வரி வாங்கப்படுகிறது. 2025 முதல் விடுதிகளில் நாளொன்றுக்கு 12 டாலர், மக்கள் வாழும் தீவுகளின் சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். இதைக் கட்டிவிட்டதால் அசுத்தம் செய்ய உரிமை வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். நாம் கொண்டுசென்ற நெகிழியை நாமே திரும்பக் கொண்டுவரலாம்.

அதன் பிறகு, தட்டுக் கழுவிய சகோதரரின் அனுமதியோடு, அவருடைய சம்பள நிலுவையைப் பற்றி அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த வண்ணப் புத்தகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அவர் வீடு எது ஹஜ்ரத்?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவே அங்கே சென்றிருக்கிறார். இருவரும் அமர்ந்து, வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் ஒழுங்குபடுத்தி, மாலேயிலுள்ள இந்திய உயர் ஆணையகத்திற்கு மனு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை விடப்போவதில்லை என்கிறார் அந்த இளைஞர். தம் பெற்றோரை வரும் மாதம் மக்கள் வாழும் தீவு ஒன்றிலுள்ள சிறிய விருந்தினர் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறார். தம் உம்மாவுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்ற அவருடைய நிய்யத் நிறைவேற நானும் துஆச் செய்தேன்.

அன்பர்களே! விருந்தாளியாகச் செல்பவனுக்கும் ஒழுக்கம் உண்டு. வீட்டுக்காரரின் தண்ணீரைக் கொட்டாதவன், அவர் பிள்ளைகளின் உணவை வீணாக்காதவன், அவர் வேலையாளை அவமதிக்காதவன்தான் நல்ல விருந்தாளி. இந்த உலகத்திற்கே நாம் சில நாள் விருந்தாளிகள்தாம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவது போல் நம் செலவையும் தூய்மையாக்குவானாக! நம் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியான, பாவமற்ற பயணங்களைத் தந்தருள்வானாக! உழைத்தும் கூலி கிடைக்காத அத்தனை சகோதரர்களுக்கும் அவர்களின் உரிமையைப் பெற்றுத் தருவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.